எட்டு ஜன்னல் படகு

வேலுவின் வலது கையில் கிடந்த செப்புக் காப்பு ஒரே வாரத்தில் பாதி வெள்ளியாக மாறிவிட்டது. அதை யார் கண்ணிலும் காட்டாமல் சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிந்தவனை, அவனுடைய பெரியம்மா தாயம்மா பிடித்துக்கொண்டு வந்து கோலார் தங்கவயலின் ஹார்லி சுரங்கத்தின் காவல் அலுவலகத்தில் நிறுத்தினாள். 1906ஆம் வருடம், ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மூன்று நாளாகக் கொட்டிய மழை அன்றுதான் சற்று ஓய்ந்திருந்தது.

தாயம்மாவுக்குச் சுரங்கத்துக் கல்லை அரைக்கும் ஹார்லி மில்லின் பெண்கள் கேட்டில் சோதனை வேலை. வேலை முடிந்து போகும் பெண்களின் சேலை மடிப்பையும் கொண்டையையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். சுரங்கக் கம்பெனியின் காவல் இன்ஸ்பெக்டர் கிளாரன்ஸ் ஏதாவது துப்பைத் தேடிக் கிளம்பினால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"செம்பு வெள்ளியாயிடிச்சி. இன்னும் ரெண்டு நாளு உட்டா தங்கமாயிடும்னு மறைச்சி வச்சிகினு கீறான், இன்ஸ்பெட்டரய்யா," என்றாள்.

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. காப்பை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது எதில் உரசியது என்று கேட்டான். வேலு தயங்கியபடி மடியிலிருந்து ஒரு கந்தல் முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தான். எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. ஆனால் மேசையில் பட்டபோது கருங்கல்லை வைத்தது போலச் சத்தம் கேட்டது.

வேலு பேத்தமங்களா ஏரியில் படகோட்டி. தங்கவயலுக்கே தண்ணீர் கொடுக்கும் அந்த ஏரியைப் பார்வையிட வரும் துரைமார்களுக்காக, எட்டுக் கண்ணாடி ஜன்னல் வைத்த கூண்டுப் படகு ஒன்று அங்கே கட்டிக் கிடந்தது. அந்தக் கூண்டின் பெஞ்சுக்கு அடியில்தான் இது கிடைத்தது என்றான் வேலு. ஜன்னலுக்கு வைத்த மக்கு விழுந்து கிடக்கிறது என்று நினைத்தானாம். கனமாக இருந்ததால் துணியில் முடிந்து மீன்வலைக்குக் குண்டாகக் கட்டிவிட்டான். ஒரு வாரமாக வலையை வீசவும் இழுக்கவும் அது காப்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கத் தச்சர்கள் வைக்கிற மக்கு, சீமைச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் பிசைந்தது. அது செம்பை வெளுக்காது. கிளாரன்ஸ் அந்த உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினான். அது கறுக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே அமுங்கியது. அவன் முகம் மாறியது.

ஹார்லி மில்லில் பொடியாக்கிய கல்லைத் தண்ணீரோடு சேர்த்துச் செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவார்கள். தகட்டில் பாதரசம் பூசியிருக்கும். பொன் அதில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் அதைச் சுரண்டி எடுத்தால் பிசைந்த மாவு போல வெள்ளையாக வரும். பாதி பாதரசம், பாதி தங்கம். மில்லில் அதற்குப் பெயர் ரசம்.

"சோத்துல ஊத்திக்கிற ரசம்னா இந்நேரம் நான் மோந்தே கண்டுபிடிச்சிருப்பேன்," என்றாள் தாயம்மா. பிறகு கிளாரன்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப் போனாள்.

அவன் எதை நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் இதே போன்ற ஓர் உருண்டையைத் தச்சன் முனியப்பனின் கருவிப் பெட்டியிலிருந்து, இழைப்புளிக்கு அடியிலிருந்து, கிளாரன்ஸ் தன் கையாலேயே எடுத்தான். காலை ஷிப்டு மாறும் நேரம். அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லி முனியப்பனை லைன் வழியாகவே போலீசுக்குக் கூட்டிப் போனான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று முனியப்பன் சொன்னபோது, எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில் சொன்னான். முனியப்பனுக்கு மூன்று மாதம் சிறை. ஜமேதாராக இருந்த கிளாரன்ஸ் இன்ஸ்பெக்டர் ஆனான். அதற்குப் பிறகும் மில்லில் தங்கம் குறைந்துகொண்டேதான் இருந்தது. கல்லில் வளம் குறைந்துவிட்டது என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் மூவரும் மாட்டு வண்டியில் பேத்தமங்களா கிளம்பினார்கள்.

*

படகின் கூண்டுக்குள் ஈர வாடை அடித்தது. எட்டு ஜன்னலிலும் தண்ணீர் கசிந்து பலகையில் கோடு போட்டிருந்தது. துரை ஒருவரின் வரைபடங்கள் போன வாரம் இங்கேதான் நனைந்து கூழாயின என்று வேலு சொன்னான்.

கிளாரன்ஸ் பேனாக்கத்தியால் ஒரு ஜன்னலின் ஓரத்தைக் கீறினான். மேலே மஞ்சளாக மெழுகு. அதன் கீழே கறுப்பாக, தார் போன்ற கீல். அதற்கும் கீழே வெடித்து உதிரும் பழைய மக்கு. அடுத்த ஜன்னலிலும் அதே மூன்று அடுக்கு. எட்டிலும் அப்படித்தான்.

"ஒரு நோய்க்கு மூணு வைத்தியம்," என்றாள் தாயம்மா. "நோயாளி இன்னும் ஒழுகிகினுதான் கீறான்."

இதையெல்லாம் யார் வைத்தது என்று கிளாரன்ஸ் கேட்டான். கேட்கத் தேவையே இல்லை. படகைப் பழுது பார்ப்பது ஹார்லி தச்சுப் பட்டறையின் பொறுப்பு. பட்டறை மேஸ்திரி வால்டர் சனிக்கிழமைதோறும் மக்கு டின்னோடு தானே வருவார் என்று வேலு சொன்னான். ரொம்ப நல்ல மனுசன், புகையிலை கொடுப்பார். வேலை முடிந்ததும், தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க அக்கரை வரைக்கும் படகை ஓட்டச் சொல்வார். அங்கே டின்னோடு இறங்கிப் போவார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவார். ஆனாலும் அடுத்த மழைக்கு ஜன்னல் ஒழுகும். மறுபடி சனிக்கிழமை வருவார்.

வால்டர் கிளாரன்ஸின் மனைவி லூயிசாவின் அண்ணன். அவனுக்குச் சுரங்கத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஸ்டோரில் கொடுக்கிற சரக்கு மட்டமாக இருந்தால் மேஸ்திரி என்ன செய்வார் என்று கிளாரன்ஸ் அவசரமாகச் சொன்னான். சபைக் கோயிலுக்கு அவர் பதித்துக் கொடுத்த கண்ணாடிகள் பத்து வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றும் சொன்னான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது.

தாயம்மா அதைக் கேட்காதவள் போல ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "படகு வேல தெரிஞ்ச ஆளைக் கேக்கணும். இந்தச் சீமையிலயே ஒருத்தருதான் கீறாரு. ஏரிக்கரைக்குப் பின்னாலதான் வூடு."

யார் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மூன்று அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு துண்டைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, வண்டியில் ஏறாமல் நடந்தே போனான். தாயம்மாவும் பின்னாலேயே போனாள்.

*

சிறைக்குப் போய் வந்தவனுக்குத் தங்கவயலில் வேலை கிடையாது. முனியப்பன் பேத்தமங்களாவில் ஏர்க்கலப்பையும் வண்டிச் சக்கரமும் செப்பனிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அவர் மனைவி வெங்கடம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கிளாரன்ஸைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போய்த் துணி மூட்டையைக் கொண்டுவந்து அவன் காலடியில் அவிழ்த்துக் கொட்டினாள். அரிசிப் பானையைத் தூக்கி வந்து வைத்து மூடியைத் திறந்தாள். பிறகு கணவனின் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, உளி, இழைப்புளி, ரம்பம் என்று ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினாள். கடைசியாகத் தன் கொண்டையை அவிழ்த்து உதறினாள்.

"சூசுக்கோ," என்றாள் தெலுங்கில். "நல்லா பாத்துக்கோ. அப்புறம் எதுவும் உட்டுடிச்சின்னு வராத."

கிளாரன்ஸுக்கு நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. எண்ணூறு கொண்டைகளில் கைவிட்டுப் பேனைத் தவிர ஒன்றும் கண்டதில்லை என்று ஊரெல்லாம் பேசிச் சிரிக்கிற தாயம்மா, அந்த அவிழ்ந்த கூந்தலைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முனியப்பன் பின்கட்டிலிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். இளவயதில் பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு கட்டியவர். மனைவியிடம் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். கிளாரன்ஸிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கிளாரன்ஸ் காகிதத்தைப் பிரித்து நீட்டினான். கூண்டுப் படகின் ஜன்னலில் வைத்தவை, எதனால் ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும் என்றான்.

முனியப்பன் மக்குத் துண்டை நகத்தால் கீறினார், நாக்கில் வைத்துத் துப்பினார். கீலை முகர்ந்தார். மெழுகை விரல் நடுவே உருட்டினார். அதன் பிறகு உள்ளேயிருந்து ஒரு மூங்கில் பிளாச்சும் ஒரு கொட்டாங்கச்சியும் எடுத்து வந்தார். கொட்டாங்கச்சியில் தேன் நிறத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. பிளாச்சின் ஒரு முனையில் ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்த மக்கு இருந்தது. மறு முனையில் அந்தத் தேன் நிறக் குழம்பைத் தடவினார். பிறகு இரண்டு கையாலும் பிளாச்சை வில் போல வளைத்தார். மக்கு பட்டென்று வெடித்துத் தெறித்தது. குழம்பு மூங்கிலோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் திரும்பச் சுருங்கியது.

வீடு அசையாது, அதனால் வீட்டு ஜன்னலுக்கு மக்கு போதும் என்று அவர் விளக்கினார். படகு அப்படி இல்லை. ஆள் ஏறினால் முறுக்கும், அலை அடித்தால் முறுக்கும். இறுகிப் போகிற எதுவும் அதில் நிற்காது. கீல் நிற்கும், ஆனால் அடி மரத்துக்குத்தான். கண்ணாடி ஓரத்தில் வைத்தால் வெயிலுக்கு உருகி வழியும். மெழுகும் கொழுப்பும் ஒரு வாரம்கூடத் தாங்காது. படகு ஜன்னலுக்குக் குங்கிலியத்தைப் பொடித்து, புன்னை எண்ணெயைத் தூக்கலாக விட்டுக் காய்ச்ச வேண்டும். முதலில் பஞ்சுத் திரியைப் பதித்து, அதன் மேல் இதை ஊற்றிக் கண்ணாடியை அழுத்தினால் ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"அப்ப இத வச்ச ஆளுக்கு வேல தெரியாது, அவ்ளோதானே?" என்று தாயம்மா கேட்டாள்.

முனியப்பன் தலையை ஆட்டினார். "தெரியாதவன் ஒரே தப்பத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுவான். இந்த ஆளு ஒவ்வொரு வாட்டியும் புதுத் தப்பு பண்ணிருக்கான். ஒவ்வொண்ணும் எத்தினி நாளு தாங்கும்னு கணக்கா தெரிஞ்சி வச்சிருக்கான். ஜன்னலு ஒழுகணும்னு வச்சிருக்கான்."

வெங்கடம்மா உள்ளே பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

இந்தக் குங்கிலிய வேலையைப் பற்றி வேறு யாரிடமாவது சொன்னதுண்டா என்று கிளாரன்ஸ் மெதுவாகக் கேட்டான்.

"மேஸ்திரிகிட்டதான் சொன்னேன். போன வருசம், ஒரு சனிக்கெழம. ஒரு நாளு வேல, நானே முடிச்சித் தர்றேன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோசம். பொட்டிய பட்டறையிலயே வச்சிட்டுப் போ, திங்கக்கெழம வந்து எடுத்துகினு ஏரிக்குப் போலாம்னாரு." முனியப்பன் பிளாச்சைக் கீழே வைத்தார். "திங்கக்கெழம கேட்டுல நீங்க நின்னுகினு இருந்தீங்க."

கிளாரன்ஸுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. ஆராதனை முடிந்து, அவன் வீட்டில், லூயிசா பரிமாற, வால்டரும் அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்குள்ளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் படகுத் தச்சன் பெட்டியை ஒருமுறை பார் என்று வால்டர் சொன்னார். எதற்காகச் சொல்கிறீர்கள் என்று கிளாரன்ஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு சரி என்றான்.

ஜன்னல் சரியாகிவிட்டால் சனிக்கிழமை டின்னுக்கு வேலை இல்லை. அதைச் சரி செய்யத் தெரிந்த ஒரே மனிதனை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அப்புறப்படுத்திய கை கிளாரன்ஸின் கை.

ஏதோ சொல்ல வேண்டும் என்று அவன் வாயெடுத்தான். முனியப்பன் அதற்குள் திரும்பிப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

*

ஏரிக்கரையில் திரும்பி நடக்கும்போது தாயம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மில்லில் தகடு பதித்த மேசைகளைச் செப்பனிடப் போகிற மேஸ்திரி ரசத்தைச் சுரண்டி எடுத்திருக்கலாம், சரி. ஆனால் கோவணம் வரைக்கும் தடவிப் பார்க்கிற ஆண்கள் கேட்டை அந்த டின் எப்படித் தாண்டியது? கிளாரன்ஸ் தெரியவில்லை என்றான். அதைச் சொல்லும்போது அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

மதியம் மூன்று மணிக்கு வால்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் சங்கிலிக் கடிகாரம், கையில் பெரிய டின். கூண்டுக்குள் தங்கை புருஷனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தபடி உள்ளே வந்தார். துரை புகார் சொன்னார், ஒழுகுவதைப் பார்க்க வந்தேன் என்றான் கிளாரன்ஸ். தாயம்மா வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். வேலு கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வால்டர் டின்னைத் திறந்தார். மேலே நல்ல மக்கு, எண்ணெய் மினுமினுத்தது. கத்தியால் எடுத்து முதல் ஜன்னலுக்கு வைத்தார். கை சுத்தமான கை. ஒரே இழுப்பில் கோடு நேராக வந்தது. இரண்டாவது ஜன்னல், மூன்றாவது ஜன்னல். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வைக்காத ஜன்னல்களிலிருந்து கசிந்த தண்ணீர் கிளாரன்ஸின் முழங்காலில் சொட்டியது. அவன் நகரவில்லை.

நாலாவது ஜன்னலோடு வால்டர் கத்தியைத் துடைத்தார். இன்றைக்கு இது போதும், மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

"இன்னும் நாலு ஜன்னல் இருக்கே மச்சான். டின்னுல பாதிக்கு மேல இருக்கு. காலியாகிற வரைக்கும் வைங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

வால்டர் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி கத்தியை விட்டார். இப்போது மேலோடு வழித்தார், மெல்லியதாக, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல. ஐந்தாவது ஜன்னல் முடியக் கால் மணி நேரம் ஆனது. ஆறாவதற்குக் கத்தி டின்னுக்குள் போய் நின்றுவிட்டது. மக்கில் போகிற கத்தி வழுக்கிக்கொண்டு போகும். இது எதிலோ கறுக்கென்று புதைந்தது. அந்தச் சத்தம் கூண்டில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

"மேஸ்திரிக்குக் கை வலிக்குதுபோல," என்றாள் தாயம்மா. "நான் வேணா வழிச்சித் தரட்டா?"

வால்டர் கத்தியை அப்படியே விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பேசியபோது குரல் சாந்தமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் பேசுகிற அதே குரல்.

"டின்னை நீ பிடிக்கலாம், கிளாரன்ஸ். எப்படி வெளியே வந்ததுன்னு கேப்பாங்க. ஆம்பளைங்க கேட்டுப் பலகையில ஒரு சீட்டு ஆணி அடிச்சி மாட்டியிருக்கு. மேஸ்திரி வால்டரின் மக்கு டின்னைத் திறக்க வேண்டாம், காத்துப் பட்டா இறுகிடும்னு. யாரு கையெழுத்து அது?"

தாயம்மா கிளாரன்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"என் கையெழுத்து," என்றான்.

காலையில் அந்த உருண்டையை அழுத்திப் பார்த்த நிமிடத்திலேயே அவனுக்குச் சீட்டு நினைவுக்கு வந்துவிட்டது. வண்டியில் வரும்போதும் நினைவிருந்தது. தாயம்மா கேட்டபோதும் நினைவிருந்தது. யாரும் அதைச் சொல்லாமலே இந்த நாள் முடிந்துவிடாதா என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தான். அறுநூறு கூலிக்காரர்களின் இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொன்னவன், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரின் டின் மூடியைத் திறக்கச் சங்கடப்பட்டு, அதற்கு ஒரு சட்டமும் எழுதி மாட்டியிருந்தான்.

சீட்டைக் கிழித்து எறிந்துவிடலாம், வேலுவுக்கும் இந்த அம்மாளுக்கும் ஏதாவது செய்யலாம், தான் வேலையை விட்டு ஊரைப் பார்த்துப் போய்விடுகிறேன் என்றார் வால்டர். லூயிசாவை நினைத்துப் பார் என்றார். முனியப்பன் எப்படியும் சிறையை முடித்துவிட்டான், அந்த மூன்று மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்றார்.

கடைசியில் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கிளாரன்ஸ் என்ன செய்திருப்பானோ தெரியாது. அவன் எழுந்து டின் மூடியை எடுத்து அழுத்தி மூடினான். தூக்கப் பார்த்தான். ஒரு கையால் முடியவில்லை.

"வாங்க மச்சான், போகலாம். அந்தச் சீட்டையும் நானே கழட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்."

*

சுரங்கத்துச் சூப்பரிண்டெண்டு துரை டின்னைப் பார்த்து மகிழ்ந்தார். சீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். திருடன் கிடைத்துவிட்டான், இந்தக் காகிதம் எதற்கு, முடிந்து போன பழைய வழக்கை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்டார். கிளாரன்ஸ் இரண்டு பக்கம் எழுதி, சீட்டை அதோடு சேர்த்துக் குத்தி, மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அதை அவன் எதிர்பார்த்திருந்தான்.

வீட்டில் லூயிசா எல்லாவற்றையும் கேட்டாள். அண்ணனுக்காக நெடுநேரம் அழுதாள். அவன் அவளைத் தேற்றவில்லை, தேற்றத் தனக்கு என்ன அருகதை என்று எட்டவே உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை, கோயில் மணி அடிக்கும்போது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனெதிரே நின்றாள்.

"துரைகிட்ட சொல்லிட்டீங்க. மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிட்டீங்க. முனியப்பன் சம்சாரத்துகிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் எழுந்து தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டான்.

கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எதிரே வர, கிளாரன்ஸ் பேத்தமங்களா சாலையில் நடந்தான். ஆண்டர்சன் பேட்டை முனையில் தாயம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்கே போகிறான் என்று கேட்கவில்லை. சேர்ந்து நடந்தாள்.

வெங்கடம்மா கூடையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். கிளாரன்ஸ் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று சொல்லத் தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்க வேணாம். இங்க இன்னா கீது, நானும் இந்த மனுசனும். எங்களுக்குத்தான் முன்னியே தெரியுமே."

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான். ஊர் நடுவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. ராகி மூட்டைகள், கருவாடு, மண்பானை, வெற்றிலைக் கட்டுகள். அவள் நேராகப் புளிக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்க் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஒவ்வொரு வாரமும் சாமான் வாங்கிகினு கெளம்பறப்ப, என் கூடைய மட்டும் கவுத்துக் காட்டச் சொல்றாங்க. இந்த எடத்துலதான். இங்க சொல்லு."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தராசைப் பிடித்திருந்தவர் அப்படியே நிறுத்தினார். கிளாரன்ஸின் குரல் அவனுக்கே அந்நியமாக, மெலிந்து கேட்டது.

"முனியப்பன் திருடலை. திருடினவர் எங்க வீட்டு ஆள். வழி விட்டவன் நான். இந்தம்மா கூடையை இனிமே யாரும் பார்க்க வேண்டாம்."

புளி மூட்டைக்குப் பின்னாலிருந்த ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சொல்ற? காதுல உழலை. ஒரக்க சொல்லு."

தாயம்மா வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பாள். இன்று கூட்டத்தை விலக்கி, பின்னால் நின்றவர்களையும் கிட்ட வரச் சொன்னாள். வெங்கடம்மா கூடையின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிளாரன்ஸ் நிமிர்ந்தான். தன் பெயரையும் தான் பார்த்த வேலையையும் முதலில் சொல்லி, அந்தத் திங்கட்கிழமைக் காலையிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, மறுபடியும் சொல்லத் தொடங்கினான்.